வால்வு வைத்த சைலென்சர் மக்கர் செய்தால்: சத்தத்தை வைத்துக் கோளாறு பிடிப்பது

"சத்தம் மாறிப்போச்சு, புது சைலென்சர் என்ன விலை ஆகும்?" பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். விலையை அப்புறம் பார்க்கலாம். வால்வு வைத்த ஸ்போர்ட்ஸ் சைலென்சரில் பழுதாவது பெரும்பாலும் சைலென்சர் இல்லை. அதை ஆட்டி வைக்கிற ஹோஸோ, ஒயரோ, சின்ன மோட்டாரோதான் பழுதாகும். நம் காவிரி டெல்டா ரோட்டில் இதோடு சேறு, வைக்கோல், வயல் எலி, கடலோர உப்புக்காற்று எல்லாம் சேர்ந்துகொள்ளும். அதனால் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் பல நேரம் தப்பான இடத்தில்தான் கை வைப்போம்.

வேலை செய்யும் விதத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சைலென்சர் டப்பாவுக்குள் புகை போக இரண்டு வழி உண்டு. ஒன்று சுற்று வழி: தடுப்புத் தகடு, ஓட்டை போட்ட குழாய், கண்ணாடி நார் அடைத்த அறை என்று சுற்றிச் சுற்றிப் போய், சத்தம் அடங்கி வெளியே வரும். இன்னொன்று நேர் வழி. அந்த நேர் வழியின் வாயில் ஒரு வட்டத் தகடு, நடுவில் ஒரு தண்டு. இதுதான் பட்டர்பிளை வால்வு. வாய்க்கால் மதகில் பலகை போட்டால் தண்ணீர் சுற்றிப் போகிற மாதிரி, தகடு மூடினால் புகை சுற்று வழியில் போகும். திறந்தால் நேராகப் பாயும்.

தகட்டைத் திருப்புவதில் மூன்று முறை உண்டு. பழைய போர்ஷே 911, பழைய பி.எம்.டபிள்யூ போன்றவற்றில் வாக்கூம்: இன்ஜினின் உறிஞ்சு விசை ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும், சவ்வு கம்பியை இழுக்கும், கம்பி தகட்டைத் திருப்பும். இப்போது வரும் கார்களில், உதாரணத்துக்கு பி.எம்.டபிள்யூ எம்340ஐ-யில், வால்வின் தலையிலேயே சின்ன மின் மோட்டார் உட்கார்ந்திருக்கும். பெரிய பைக்குகளில் சீட்டுக்கு அடியிலோ டேங்க் பக்கமோ ஒரு சர்வோ மோட்டார் இருக்கும். அங்கிருந்து இரண்டு கேபிள் வால்வுக்கு ஓடும். யமஹா 1987-லேயே எக்ஸப் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்துவிட்டது.

உங்கள் வண்டியில் நிஜமாகவே வால்வு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட் மோடு போட்டதும் சத்தம் ஏறுவதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சில கார்கள் அந்தச் சத்தத்தை உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வழியாகவும் கொடுக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும்.

எதிலும் கை வைப்பதற்கு முன்

இன்ஜின் முழுசாக ஆறட்டும். ஓடி வந்த வண்டியில், புகையின் நச்சைக் குறைக்கும் கன்வர்ட்டரின் உள்ளே 400 டிகிரிக்கு மேல் சூடு இருக்கும். வெளித்தகடும் தோலை உரித்துவிடும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. தலைசுற்றல் வரும்போதே தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

பிறகு ஒருவர் உள்ளே உட்கார்ந்து மோடு பட்டனை மாற்ற, இன்னொருவர் பின்னால் குந்தி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பல கார்களில் குழாய் வாயிலிருந்தே தகடு தெரியும். நான்கு குழாய் இருந்தால் நான்கிலும் வால்வு இருக்கும் என்று நினைக்க வேண்டாம், இரண்டில் மட்டும் இருக்கலாம். தகடு அசைகிறதா, பாதியில் நிற்கிறதா, அசையவே இல்லையா என்ற மூன்றில் ஒன்று தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எந்த மோடு போட்டாலும் சத்தம் குறையவில்லை

வாக்கூம் வகையில் இதுதான் அதிகம் பார்க்கிற கோளாறு. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் உறிஞ்சு விசை இருந்தால் மூடும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் திறந்துவிடும் என்றுதான் அமைக்கிறார்கள். காரணம் சுலபம்: ஏதாவது கெட்டுப்போய் வால்வு மூடியே நின்றால், அதிக வேகத்தில் புகை வெளியேற முடியாமல் இன்ஜின் திணறும். சத்தமாக ஓடுவது அதைவிடத் தேவலை. ஆக, எப்போதும் சத்தம் என்றால் உறிஞ்சு விசை எங்கேயோ கசிகிறது.

எங்கே? நம் ஊரில் முதல் சந்தேகம் எலி மேல்தான். அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் வரப்பு எலி வீட்டுப் பக்கம் ஒதுங்கும். நிறுத்திவைத்த காரின் அடிப்பகுதி அதற்கு வசதியான இடம். ஹோஸை நேராகப் பார்த்தால் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். விரலால் தடவிக்கொண்டே போங்கள். வளைவில், தகட்டோடு ஒட்டிப் போகிற பக்கத்தில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறலாகப் பல் பதிந்திருக்கும். அழுத்தினால் பிளவு வாய் திறக்கும். எலி இல்லாவிட்டால் அடுத்தது வெயிலும் சூடும். சைலென்சர் பக்கத்து ஹோஸ் முனை கெட்டிப்பட்டு, மடக்கினால் பொரிகிற மாதிரி வெடிக்கும். முனையில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். மாற்றுவதானால் சூடு தாங்கும் சிலிக்கான் ஹோஸ் போடுங்கள், அதுவும் உறிஞ்சினால் சப்பிப் போகாத கனமான சுவர் உள்ளதாக. மீன் தொட்டிக் கடையில் கிடைக்கிற மெல்லிய குழாய் இதற்கு ஆகாது.

ஹோஸ் நன்றாக இருந்தால் சவ்வைச் சோதிக்க வேண்டும். வாக்கூம் பம்ப் கையில் இல்லையென்றால் மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். சிரிஞ்சின் மூக்கைச் சின்ன ஹோஸ் துண்டால் ஆக்சுவேட்டரோடு, அதாவது சவ்வு இருக்கும் டப்பாவோடு, இணைத்து, பின்பக்கம் இழுங்கள். கம்பி நகர வேண்டும். இழுத்த நிலையில் அப்படியே பிடித்தால் நகர்ந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பிடித்திருக்கும்போதே கம்பி மெல்லத் திரும்பி வந்தால் சவ்வு கிழிந்திருக்கிறது. கம்பி சரியாக நகர்ந்து நின்றால் ஆக்சுவேட்டர் மேல் பழி போடாதீர்கள். கோளாறு அதற்கு முன்னால், சோலினாய்டிலோ ஒருவழி வால்விலோ இருக்கிறது. சோலினாய்டு என்பது மின்சாரம் வந்ததும் வாக்கூம் வழியைத் திறந்து மூடும் ஒரு சின்ன மின் வால்வு. மோடு மாற்றும்போது அதில் விரல் வைத்தால் 'டக்' என்று தட்டுவது தெரியும். தட்டவில்லை என்றால் ஃபியூஸ், கப்ளர் (ஒயரை இணைக்கும் பிளக்), ஒயர் என்ற வரிசையில் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியில் இந்த உறிஞ்சு விசை பெரும்பாலும் இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே வருகிறது. அங்கே ஹோஸ் விட்டுப்போனால் சைலென்சர் சத்தத்தோடு ஐட்லிங்கும் ஆடும். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரே ஹோஸைத் தேடினால் போதும்.

மின் மோட்டார் வகையில் கதை வேறு. கரண்ட் போனால் தகடு எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். சத்தமாக நின்றால் சத்தம், அமைதியாக நின்றால் அமைதி. கப்ளரைக் கழற்றிவிட்டால் எப்போதும் சத்தமாக ஓடும் என்று ஒருவர் சொன்னார் என்பதற்காக ஓடும் வண்டியில் கழற்றினால் கிடைப்பது டேஷ்போர்டில் ஒரு விளக்கு மட்டுமே.

ஸ்போர்ட் போட்டும் சத்தம் வரவில்லை

முதலில் இது கோளாறுதானா என்று பாருங்கள். ஸ்போர்ட் பட்டன் வால்வுக்கு நேராக ஆணை போடுவதில்லை, கம்ப்யூட்டரிடம் ஒரு விண்ணப்பம்தான் போடுகிறது. ஆர்பிஎம், ஆக்சிலரேட்டர் மிதிக்கும் அளவு, கியர், வேகம் எல்லாம் பார்த்துத்தான் அது திறக்கும். நின்ற இடத்தில் உறுமும் வண்டி, ஊருக்குள் 40-ல் போகும்போது அடங்கிவிடலாம். வண்டி கடந்து போகும்போது பக்கத்தில் 7.5 மீட்டர் தூரத்தில் மைக் வைத்து அளக்கும் சோதனைக்கு ஏற்ப அப்படி அமைத்திருக்கிறார்கள். அதே மாடல் இன்னொரு வண்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இதில் செலவு செய்ய வேண்டாம்.

டார்ச் அடித்துப் பார்த்தும் தகடு அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் தண்டு இறுகிப்போயிருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. நீண்ட ஓட்டத்தில் அது போய்விடும். கும்பகோணத்தில் மகாமகக் குளத்திலிருந்து ரயில்வே ஸ்டேஷன் வரை மட்டும் போய் வருகிற காரில் சைலென்சர் சூடேறுவதற்குள் வண்டி ஷெட்டுக்கு வந்துவிடும்; தண்ணீர் உள்ளேயே தங்கி, கரியோடு குழைந்து, தண்டைப் பிடித்துக்கொள்ளும். நாகப்பட்டினம், வேதாரண்யம், காரைக்கால் பக்கம் இதோடு உப்பும் சேரும். தண்டு வெளியே வரும் இடத்தில் வெள்ளைப் பொருக்கும் அதற்கடியில் செம்பழுப்புத் துருவும் வளையமாகப் படிந்திருக்கும்.

ஆக்சுவேட்டரைக் கழற்றிவிட்டு, தண்டின் நெம்புகோலை விரலால் திருப்பிப் பாருங்கள். நல்ல வால்வு விரல் பலத்துக்கே ஏறக்குறைய கால் வட்டம் சுற்றும். சுற்றவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுத்தியல் வேண்டாம், தண்டு வளைந்தால் தகடு விளிம்பில் உரசும், அதற்கு மருந்தே கிடையாது. இளகியபின் கிரீஸ் வைக்கத் தோன்றும். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் கருகி, பழைய கரிக்கு மேல் புதுக் கரியாகிவிடும். சூடு தாங்கும் நிக்கல் பேஸ்ட் கொஞ்சம் போதும். அதன்பிறகு வாரம் ஒரு தடவையாவது விக்கிரவாண்டி சாலையிலோ திருச்சி சாலையிலோ அரை மணி நேரம் நன்றாக ஓட்டி எடுங்கள். இதற்கு அதைவிட நல்ல பராமரிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

தண்டு விரலுக்குச் சுலபமாகச் சுற்றுகிறது, ஆனால் மோட்டார் திருப்பவில்லை என்றால் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்கள் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மீட்டர் வைத்து 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மோட்டாரைக் குற்றம் சொல்ல வேண்டும். புது மோட்டார் போட்டதும் சில கார்களில் ஸ்கேனர் வைத்து முழுசாகத் திறந்த, மூடிய இரு முனைகளையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாமல் 'புதுசும் வேலை செய்யல' என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு.

பைக்கில்: பிக்கப் செத்துவிட்டது, மேலே போகவில்லை

பைக்கில் சோதனை இன்னும் சுலபம். சாவியைத் திருப்பியதும் சர்வோ ஒருமுறை முழுசாகத் திறந்து மூடி, முனைகளைத் தொட்டுப் பார்க்கும். 'வ்ர்ர்' என்று அந்தச் சத்தம் கேட்கும். கேட்கவில்லை அல்லது திக்கித் திக்கிக் கேட்கிறது என்றால் கேபிள் இறுகியிருக்கலாம், இல்லை தண்டு, இல்லை சர்வோவே பழுதாகியிருக்கலாம். இரண்டு கேபிளையும் வால்வுப் பக்கம் கழற்றிவிட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். இப்போது சர்வோ தாராளமாகச் சுற்றினால் குற்றம் வால்வில். அப்போதும் திக்கினால் குற்றம் கேபிளிலோ சர்வோவிலோ. திரும்ப மாட்டும்போது கேபிளை விறைக்க இழுத்துவிடாதீர்கள், சர்வோ எப்போதும் முனை தேடிக்கொண்டே இருந்து எரிந்துபோகும்.

சைலென்சர் மாற்றும்போது வால்வையே எடுத்துவிடுகிறவர்கள் அதன் இடத்தில் சர்வோ எலிமினேட்டர் என்ற சின்னப் பெட்டியை மாட்டுவார்கள். வால்வு இன்னும் இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைப்பது அதன் வேலை. விளக்கு எரியாது, சரி. ஆனால் இந்த வால்வு சத்தத்துக்காக மட்டும் வைத்ததில்லை. நடு ஆர்பிஎம்மில் குழாய்க்குள் திரும்பி வரும் அழுத்த அலையைத் தடுப்பதும் அதன் வேலை. அதை எடுத்த பைக்கில் ஊருக்குள் ஆக்சிலரேட்டரைத் திருகும்போது நடுவில் இழுவை கொஞ்சம் குறைவது தெரியும். பெட்ரோல் அளவை மாற்றும் ஜெட்டிங், மேப்பிங் என்று ஏதேதோ செய்து அதைச் சரிபண்ணுவதற்குப் பழைய வால்வைத் திரும்பப் போட்டுவிடலாம்.

இந்த இடத்தில் 'பேக் பிரஷர் (புகை வழியில் எதிர் அழுத்தம்) இருந்தால்தான் இழுவை' என்ற பேச்சையும் முடித்துவிடலாம். அழுத்தம் எந்த இன்ஜினுக்கும் உதவி செய்வதில்லை. உதவுவது புகை ஓடும் வேகம். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் வேகம் குறைகிறது, புகையின் ஒரு துடிப்பு அடுத்ததை இழுத்துக்கொண்டு போவதில்லை. அதனால்தான் சின்ன இன்ஜினில் மூன்று அங்குலக் குழாய் போட்டவருக்குக் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை போகிறது. டர்போ வண்டியில் டர்பைனுக்குப் பின்னால் எவ்வளவு தாராளமோ அவ்வளவு நல்லது.

கடகடவென்று தகர டப்பா சத்தம்

ஸ்டார்ட் செய்ததும், அதுவும் காலைக் குளிரில் ஐட்லிங்கில் மட்டும் வந்து, ஆர்பிஎம் ஏற்றினால் மறைந்தால் வால்வுத் தண்டையே சந்தேகியுங்கள். மின் மோட்டார் வகையில் மோட்டாருக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு வளைந்த ஸ்பிரிங் இருக்கும். அது சூட்டில் இளகித் தளர்ந்ததும் தகடு துடிக்கும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற முடிகிற வண்டியில் சைலென்சரையே மாற்றச் சொன்னால் வேறு இடம் விசாரியுங்கள்.

எல்லா ஆர்பிஎம்மிலும் வந்தால் பெரும்பாலும் சூட்டை மறைக்கும் ஹீட் ஷீல்டு தகடு. போல்ட்டைத் துரு தின்றிருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் 'டங்' என்று கேட்டால் தொங்க வைக்கும் ரப்பர். நம் கிராமச் சாலைகளில் போட்டிருக்கும் மேடுகளுக்கு எந்தப் பொறியாளரும் அளவு பார்த்ததாகத் தெரியவில்லை. தாழ்ந்த வண்டியில் டப்பாவின் அடி தட்டி, குழாய் ஒரு பக்கம் நகர்ந்து, பம்பரில் உரசிக்கொண்டிருக்கும். டப்பாவைக் கையால் தட்டினால் உள்ளே ஏதோ உருளுகிறது என்றால் உள்தகடு வெல்டிங் விட்டுவிட்டது. அதற்கு மட்டும்தான் சைலென்சர் மாற்றம்.

எரியும் வாடை

இது மட்டும் காத்திருக்கக் கூடாத அறிகுறி. தை, மாசியில் சம்பா அறுவடையின்போதும், அதற்குப்பின் உளுந்து, பயறு பிடுங்கும்போதும் நம் சாலைகள்தான் களம். செடியையும் வைக்கோலையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டி ஏறி ஏறி மணி உதிரும். தாழ்ந்த காரின் அடியில் அந்த வைக்கோல் சுற்றிக்கொள்ளும். டிரைவ் ஷாஃப்டில் கயிறு திரித்த மாதிரி இறுகும். கன்வர்ட்டருக்கும் ஹீட் ஷீல்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அடைந்து, அங்கேயே காய்ந்து, கருகும். முதலில் சருகு எரிகிற வாடை வரும், பிறகு நீலப் புகை. அந்த வாடை வந்தால் வைக்கோல் இல்லாத வெறும் தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் இறங்கிவிடுங்கள். தீயணைப்பான் இல்லாமல் குனிந்து இழுக்கப் போக வேண்டாம். ஆறியபின் கம்பிக் கொக்கியால் இழுத்தெடுக்கலாம். களம் தெரிந்தால் சுற்றிப் போவதே நல்லது. சுற்ற வழியில்லை என்றால் நிற்காமல் மெல்லத் தாண்டி, சற்றுத் தள்ளி நிறுத்தி அடியில் ஒரு பார்வை பாருங்கள்.

அழுகிய முட்டை வாடை வேறு. பெட்ரோல் அளவுக்கு மேல் போய் கன்வர்ட்டர் திணறுகிறது என்று அர்த்தம், இன்ஜின் பக்கம் பாருங்கள். காருக்குள்ளேயே புகை வாடை வந்தால் குழாய்கள் சேரும் ஃபிளாஞ்ச் பேக்கிங்கோ கிளாம்ப்போ கசிகிறது. காலையில் கொஞ்சம் சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் அடித்து, ஐட்லிங்கில் விட்டு, குழாய் வாயைத் துணியால் லேசாக மறைத்தால் கசிகிற இடத்தில் குமிழ் வரும்.

நெடுஞ்சாலையில் காதைக் குடையும் 'ம்ம்ம்'

வெளிக் கம்பெனி சைலென்சர் போட்டவர்களின் நிரந்தரப் புகார். தஞ்சாவூர்–திருச்சி நான்கு வழிச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது, காருக்குள் ஒரு தாழ்ந்த ரீங்காரம் எழுந்து அடங்கவே மாட்டேன் என்கிறது. திருச்சி போய்ச் சேருவதற்குள் தலைவலி வந்துவிடும்.

இது பழுது இல்லை, கணக்கு. நான்கு சிலிண்டர் இன்ஜின் 2000 ஆர்பிஎம்மில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 67 தடவை வெடிக்கிறது. ஆறு சிலிண்டர் 100 தடவை. அந்த அதிர்வெண்ணும் காரின் உள்ளறை அதிரும் அதிர்வெண்ணும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் ரீங்காரம். தொழிற்சாலை சைலென்சரில் அதற்கென்றே ஓர் அறை வைத்திருப்பார்கள். வெளி சைலென்சரில் பல நேரம் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் வால்வு முழுசாக மூடுகிறதா பாருங்கள். தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் சந்து இருந்தாலே ரீங்காரம் நுழைந்துவிடும். மூடியும் வருகிறது என்றால் ஒரு பக்கம் அடைத்த கிளைக் குழாய் சேர்க்கலாம். அதன் நீளம் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி காற்றில் போவதைவிட வேகமாகப் போகும். 300 டிகிரியில் நொடிக்கு 480 மீட்டர். ஆகவே 100 ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர், 67 ஹெர்ட்ஸுக்கு 1.8 மீட்டர். அடைத்த குழாய்க்குள் சூடு குறைவு என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைத்து வெட்டுவார்கள். நான்கு சிலிண்டர் வண்டியில் அவ்வளவு நீளக் குழாயை அடியில் எங்கே மடக்கி வைப்பது என்பதுதான் சிக்கல். அதனால்தான் சொல்கிறேன், இதை வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

ஆக்சிலரேட்டரை விட்டால் பட்டாசு

சில வண்டிகளில் இது தயாரிப்பாளர் வேண்டுமென்றே வைத்தது. ஸ்போர்ட் மோடில் மட்டும் வந்தால் கவலை வேண்டாம். பைக்கில் புதிதாக ஆரம்பித்தால் சைலென்சர் இணைப்பில் வெளிக்காற்று நுழைகிறது. எரியாத பெட்ரோலோடு அந்தக் காற்று சேர்ந்து குழாய்க்குள்ளேயே வெடிக்கும். பேக்கிங் மாற்றினால் போதும். பட்டாசுக்காகவே கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி ரீமேப் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அந்தப் பெட்ரோல் எரிவது கன்வர்ட்டர் வாசலில். உள்ளே இருக்கும் தேன்கூட்டுக் கல் அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும்.

விளக்கு எரிகிறது

ஸ்கேனரில் பி 0420 என்ற பிழைக் குறியீடு வந்தால் கன்வர்ட்டரின் திறன் போதவில்லை என்று வண்டி சொல்கிறது. கன்வர்ட்டர் இல்லாத டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய்) போட்டிருந்தால் அது வந்தே தீரும். வால்வு சம்பந்தப்பட்ட குறியீடு என்றால் மேலே சொன்ன கப்ளர், தண்டு, மோட்டார் வரிசை. குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுவது கோளாறு பார்ப்பதாகாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு

தேங்கிய தண்ணீரில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்வரை புகை தண்ணீரை வெளியே தள்ளும். நின்றுவிட்டால் உள்ளே ஏறிவிடும். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது, வண்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். ஃபில்டர் காய்ந்திருக்கிறது, சைலென்சர் மட்டும்தான் நனைந்தது என்றால் ஸ்டார்ட் செய்து வெள்ளை ஆவி நிற்கும்வரை ஓடவிடலாம். டப்பாவின் அடியில் தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வயல் சேறு அதை அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். அது ஓட்டை விழுந்துவிட்டது என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்த டப்பாக்களும் உண்டு. அவை உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மோட்டாரைச் சுற்றிக் காய்ந்த களிமண்ணை அப்படியே விடாமல் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கரைத்துவிடுங்கள். பிரஷர் வாஷரைக் கப்ளரில் அடிக்க வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் புதுசுதான் வேண்டும் என்றால்

கடையில் எல்லோரும் வால்வைத் திறந்துவிட்டுத்தான் கேட்பார்கள். நான் மூடிவிட்டுக் கேட்கச் சொல்வேன். திறந்தால் சத்தம் போட ஒரு வெறும் குழாயே போதும், அதற்குக் காசு தேவையில்லை. மூடிய நிலையில் ஐட்லிங்கிலும் 2000 ஆர்பிஎம்மிலும் தொழிற்சாலை சைலென்சருக்குப் பக்கத்தில் வருகிறதா என்பதில்தான் பொருளின் விலை இருக்கிறது. நீங்கள் ஓட்டுகிற நேரத்தில் பெரும்பங்கு வால்வு மூடித்தான் இருக்கப்போகிறது.

எவ்வளவு மாற்றுவது? கடைசி டப்பாவை மட்டும் மாற்றுவது பாதுகாப்பானது; சென்சார் எதையும் தொடாது. கன்வர்ட்டருக்குப் பின்னால் முழுக் குழாயும் மாற்றினால் சத்தம் நன்றாக மாறும், ரீங்காரமும் கூடவே வரும். டவுன்பைப் மாற்றினால்தான் டர்போ வண்டியில் சக்தி குறிப்பிடும்படி ஏறும். ஆனால் கன்வர்ட்டரை எடுப்பது சட்டத்துக்கும் மூச்சுக்கும் கெடுதல், அந்தப் பக்கம் போகாதீர்கள். கடைசி டப்பாவை மட்டும் மாற்றிவிட்டு 20 குதிரைத்திறன் கூடியது என்று ஒருவர் சொன்னால், அது அவர் காதில் கூடியது.

உலோகம் 304 வகை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கட்டும், கடலோரக்காரர்களுக்குக் கட்டாயம். காந்தம் கொண்டுபோங்கள்: 409 வகை நன்றாக ஒட்டும், 304 ஒட்டாது அல்லது வளைவிலும் வெல்டிங்கிலும் மட்டும் லேசாக இழுக்கும். வளைவில் குழாய் சுருங்காமல் வட்டமாகவே திரும்பியிருக்க வேண்டும்; மடிந்து சப்பியிருந்தால் அகலக் குழாய் வாங்கிய காசு அந்த இடத்திலேயே வீண். ஆர்கான் வெல்டிங் வெளியே அழகாக இருந்தால் மட்டும் போதாது, குழாய்க்குள் டார்ச் அடியுங்கள். உள்பக்கம் கறுப்பாகப் பொரிந்திருந்தால் பின்பக்கம் ஆர்கான் கொடுக்காமல் ஒட்டியிருக்கிறார்கள், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வால்வில் தண்டை ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் வேண்டாம். உங்கள் காரின் பழைய மோட்டாரையே புது சைலென்சரில் மாட்ட முடிகிற மாதிரி உள்ளதை எடுங்கள். காரின் கம்ப்யூட்டரே அதை ஆட்டும், மோடு பட்டனும் பழையபடி வேலை செய்யும். தனி ரிமோட்டோடு வரும் மலிவு செட்டில் ஒயரை எங்கே இழுத்தார்கள் என்று பாருங்கள். இக்னிஷனில் எடுக்காமல் பேட்டரியில் நேராக எடுத்தால் நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கும். பழைய சைலென்சரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

அதற்குக் காரணம் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமே கூட. சத்தம், புகை வரம்பு மீறினால் 190(2) பிரிவில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, கூடவே மூன்று மாதம் லைசென்ஸும் போகும். பெட்டியில் ஐரோப்பிய அனுமதி முத்திரை இருக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார். அது அங்கே செல்லும், இங்கே தானாகச் செல்லாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள், வாரண்டி பாக்கியிருந்தால் ஷோரூமில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என் கருத்தில், தயாரிப்பாளரே தன் உதிரிபாகப் பட்டியலில் உங்கள் மாடலுக்கென்று விற்கும் செட் கிடைத்தால் விலை கூடுதலாக இருந்தாலும் அதையே எடுப்பது மேல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கிறார்கள். அங்கே எந்த செட்டாக இருந்தாலும் வால்வு மூடியே இருக்கட்டும்.

மாட்டிய பிறகு முதல் ஓட்டம் போய் வந்து முழுசாக ஆறியதும், எல்லாக் கிளாம்ப்பையும் போல்ட்டையும் மறுபடி முறுக்குங்கள். சூட்டில் நீண்டு சுருங்கி அவை தளர்ந்திருக்கும். குழாய்க்கும் பம்பருக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி நான்கு பக்கமும் இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் ரப்பரைத் தொடாமல் ஃபிளாஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, குழாயைத் திருப்பி வைத்து முறுக்குங்கள்.